கொடுப்பவர் இல்லாத தத்து

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவருவதைத் ‘தத்து’ என்று சொல்லும் வழக்கம் பரவிவருகிறது. சொல் இனியது, செயலும் பெரும்பாலும் நல்லதே. ஆயினும் அச்சொல்லுக்குள் ஒரு பெரிய இல்லாமை ஒளிந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, கொடுத்தலும் கொள்ளலும் மெய்யாகவே நிகழ்ந்தால்தான் தத்து செல்லும் என்கிறது. தத்த ஹோமம் நடக்காவிட்டாலும் தத்து செல்லும். கொடுப்பவர் இல்லாவிட்டால் செல்லாது. குழந்தையைக் கையில் ஏந்தி, இனி இது உங்கள் வீட்டுப் பிள்ளை என்று ஒப்படைக்க ஒருவர் முன்னிற்க வேண்டும்.

ஓடி முடித்த நாயின் தத்தில் அந்த ஒருவர் எங்கே? நாயை ஈனச்செய்து விற்றவர், பழக்கியவர், பரிசு பெற்றவர், பணயம் கட்டியவர் ஆகிய எவரும் அங்கு இல்லை. கொள்பவர் மட்டும் தனியாக நிற்கிறார். ஒரு தரப்பின் இலாபம் முடிந்த இடத்தில் மறுதரப்பின் இரக்கம் தொடங்குகிறது. இந்த இரக்கத்தைப் போற்றுவோர், அது யாருடைய செலவுக் கணக்கைத் தீர்த்துவைக்கிறது என்று கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்கவேண்டிய இடங்களில் சித்தூரும் திருப்பதியும் முன்வரிசையில் உள்ளன.

உலகக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 2018 ஜூலையில் மக்காவ் நகரின் கனிட்ரோம் பந்தயத் திடல் மூடப்பட்டபோது 533 கிரேஹவுண்டுகள் உள்ளேயே விடப்பட்டிருந்தன. அரசு அவற்றைத் தன் பொறுப்பில் எடுக்க நேர்ந்தது; விலங்குநல அமைப்புகள் நாடு நாடாக வீடு தேடின. அதே ஆண்டு நவம்பரில் ஃபுளோரிடா மக்கள் வாக்களித்துப் பந்தயத்திற்கு முடிவு கட்டினர். 2020 டிசம்பர் 31-உடன் அங்கு ஓட்டம் நின்றது. நியூசிலாந்து 2024 டிசம்பரிலும் வேல்ஸ் 2025 பிப்ரவரியிலும் தடையை அறிவித்தன. பிரிட்டனின் பந்தய வாரியம் 2020-இல் ஓய்வுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு நாயின் பெயரிலும் 400 பவுண்டு பிணைத்தொகை ஒதுக்கப்பட்டது. பாதி உரிமையாளருடையது, மறுபாதி வாரியத்துடையது. நாய் காப்பகத்தை அடையும்போது தொகையும் அதனுடன் செல்லும். இத்திட்டம் போதாது என்று அங்குள்ளோர் வாதிடுகின்றனர், அவ்வாதம் நியாயமானது. ஆனால் கொடுப்பவர் ஒருவர் உண்டு, அவர் பெயரும் கடனும் ஏட்டில் உண்டு என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

இந்தியாவில் அந்த ஒப்புதலும் இல்லை. உரிமம் பெற்ற கிரேஹவுண்டுத் திடல் எதுவும் இந்நாட்டில் இல்லை என்பதால் இப்படியொரு சிக்கலே இங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஆந்திரத்தில் ‘கிரேஹவுண்ட்ஸ்’ என்றால் 1989-இல் உருவான காவல் சிறப்புப் படைதான் முதலில் நினைவுக்கு வரும். நாய் பின்னரே வரும். ஆனால் திடல் இல்லாமலேயே ஓட்டம் நடக்கிறது. பஞ்சாபின் ஊரகப் போட்டிகளில் கிரேஹவுண்டு ஓட்டம் பழகிய காட்சி. தமிழ்நாட்டில் பொங்கலையும் கோயில் விழாக்களையும் ஒட்டி நாய்ப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அவற்றில் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுகின்றன. வேகம் வேண்டிக் கிரேஹவுண்டுக் குருதி கலக்கும் வழக்கமும் உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளில் ஓட்டம் தளர்ந்துவிடும். அதன்பின் நாய் இன்னும் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழவேண்டும். அந்த எட்டுப் பத்து ஆண்டுகள் எந்தப் போட்டியின் நுழைவுச்சீட்டிலும் இல்லை.

இங்கே நாட்டு இனப் பெருமை என்னும் புது விசை சேர்ந்துகொண்டது. 2005-இல் வெளியான அஞ்சல்தலைகளில் இராஜபாளையமும் முதோலும் இடம்பெற்றன. 2020 ஆகஸ்ட் 30 அன்று ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமர் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, முதோல் ஆகிய இனங்களைப் பெயர் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார். தேசிய விலங்கின மரபுவளப் பணியகம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றை முறையாகப் பதிவுசெய்துள்ளது. அழிவின் விளிம்பில் நின்ற இனங்களுக்கு இது தேவைதான். ஆனால் இனத்தைக் காப்பது வேறு, அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு நாயைக் காப்பது வேறு. இனத்துக்குப் பதிவேடு உண்டு. ஓடி ஓய்ந்த தனி நாய்க்கு ஏடே இல்லை.

இந்த வேறுபாட்டைச் சித்தூர் மாவட்டம் வேறெந்த ஊரையும்விட நன்கறியும். புங்கனூர்க் குட்டைமாடு இம்மண்ணின் இனம். அது ஏறத்தாழ மறைந்துபோன நிலையில், பலமநேரிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம்தான் அதன் எச்சத்தைப் பேணி வந்தது. 2024 ஜனவரியில் பிரதமர் தம் இல்லத்தில் புங்கனூர் மாடுகளுக்குத் தீனி கொடுக்கும் படங்கள் வெளியான பிறகு நிலை தலைகீழாயிற்று. மாடு என்றால் சாணமும் மூத்திரமும் வைக்கோலும் என்பதை மறந்தவர்களும் கூடத்தில் கட்டி வளர்க்க ஒன்று வேண்டும் என்றனர். மோகத்தில் வாங்கப்படும் உயிரின் முதுமை, வாங்கும் நாளில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. மாட்டுக்கு நேர்வது நாய்க்கும் நேரும். ஒரே வேறுபாடு, மாட்டுக்குக் கோசாலை என்றொரு இறுதி முகவரியாவது உண்டு. வேட்டைநாய்க்கு அதுவும் இல்லை.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டும் இங்கேயே இருக்கிறது. சந்திரகிரியை அடுத்த ஏ. ரங்கம்பேட்டையில் ஆண்டுதோறும் கனுமப் பண்டிகையின்போது மாடுகளின் கொம்பில் பலகை கட்டி ஓடவிடுகிறார்கள். அவ்விழாவின் சரிதவறுகள் தனி விவாதம். ஆனால் எந்த மாடு எவருடையது என்பது ஊர் முழுவதும் அறிந்த செய்தி; விழா முடிந்ததும் மாடு தன் தொழுவத்திற்குத் திரும்புகிறது. ஓடும் விலங்கின் பின்னால் ஒரு வீடும் ஒரு பெயரும் இருக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. அப்பெயரை நாய்க்கு மட்டும் மறுப்பதே கேள்விக்குரியது.

கொடுப்பவரைப் பற்றிய குற்றச்சாட்டு இது. கொள்பவரும் தப்ப முடியாது. “அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும்” என்னும் வாசகம் இத்துறையில் உலவும் பொய்களில் மிகக் கொடியது. அதன் விலையைத் தருவது அன்பு காட்டியவரல்லர், அவர் வீட்டுப் பூனை.

சித்தூர்ப் புறநகரில் உள்ள ஒரு சாதாரண வீட்டை எண்ணிப் பார்க்கலாம். திண்ணையில் பூனை, கொல்லையில் நான்கு நாட்டுக்கோழி, வாசலில் ஆண்டுக்கணக்காய்ப் படுத்திருக்கும் தெருநாய் ஒன்று. இந்த வீட்டுக்குள் ஓட்டத்திற்கென்றே பழக்கப்பட்ட நாய் வந்து சேர்கிறது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் விலங்கு அது. கிரேஹவுண்டு மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். அசையும் சிறு உருவத்தைக் கண்டதும் நோக்குதல், பதுங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல் என்னும் வரிசை தொடங்குகிறது. இவ்வரிசை பசியால் எழுவதன்று. துரத்தலே அதற்குப் பரிசு. பந்தயப் பயிற்சி செய்வது இவ்வொரு கண்ணியைத்தான்: துரத்தலை மீண்டும் மீண்டும் தூண்டி, தடுக்கும் பழக்கத்தை வளரவிடாமல் தேய்ப்பது. அந்த நாய் கோழியைக் கவ்வினால் அது கொடூரமும் அன்று, நன்றிகெட்டதனமும் அன்று. அது கற்ற பாடத்தை ஒப்பித்தது, அவ்வளவுதான். பாடம் நடத்தியவர் அங்கில்லை.

இதிலிருந்து “வேட்டைநாய் பூனையோடு வாழவே முடியாது” என்று முடிவுகட்டுவதும் அதே அளவு சோம்பல். பந்தயம் முடித்த கிரேஹவுண்டுகள் ஆயிரக்கணக்கில் பூனையுள்ள வீடுகளில் வாழ்கின்றன. எந்த நாயால் முடியும், எதனால் முடியாது என்பதை நாய்க்கு நாய் சோதித்தே அறிய வேண்டும். முறையான காப்பகங்கள் நாயை ஒப்படைக்கும் முன்பே வாய்ப்பூட்டு இட்டு, வாரைக் கையில் பிடித்து, பழகிய பூனை ஒன்றின் முன் நிறுத்திப் பார்க்கின்றன. நாய் பார்வையை விலக்கிக்கொள்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, உடல் விறைத்து நடுங்குகிறதா என்பவை குறிக்கப்படுகின்றன. மூன்றாம் வகை நாயைப் பூனை வீட்டுக்கு அனுப்புவதில்லை. அங்கு ‘முடியாது’ என்று சொல்லவும் ஓர் ஆள் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபின் வேலை தொடங்குகிறது. முதல் நாள்களில் தனித்தனி அறைகள். ஒன்றின் துணியை மற்றொன்றிடம் கொடுத்து மணத்தைப் பழக்குதல். பின்னர் கம்பிக் கதவின் இருபுறமும் நின்று பார்த்தல். அதன்பின் வாய்ப்பூட்டுடனும் வாருடனும் ஒரே கூடத்தில் சில நிமிடங்கள். பூனைக்கு எப்போதும் உயரத்தில் ஒரு பரணும் நாய் நுழைய முடியாத ஓர் இடமும் வேண்டும். ஆளில்லாத வேளையில் இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது. மாதங்கள் கழிந்து இரண்டும் ஒரே பாயில் உறங்கும் காட்சி கிட்டலாம். அப்போதும் ஒன்றை மறக்கலாகாது: கூடத்தில் கண்டும் காணாததுபோல் படுத்திருக்கும் அதே நாய், முற்றத்தில் ஓடும் அதே பூனையை இரையாகக் காணக்கூடும். வீட்டுக்குள் கற்ற அடக்கம் வெளியில் தானாக வந்துவிடாது. கோழியைப் பொறுத்தவரை ‘பழக்கிவிடலாம்’ என்னும் நம்பிக்கையைவிட உறுதியான வேலி மேலானது.

தத்தின் மூன்றாம் தரப்பு இதுதான். கொடுப்பவர், கொள்பவர் இருவரைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கிறது. ஏற்கெனவே அவ்வீட்டில் வாழும் உயிர்களின் ஒப்புதலை எவரும் கேட்பதில்லை. அவை சொல்லால் தர இயலாத ஒப்புதலை, அவற்றுக்கான இடத்தையும் பாதுகாப்பையும் முன்னரே உறுதிசெய்வதன் வழியாகத்தான் ஈடுசெய்ய முடியும். ஓர் உயிரை மீட்பதற்காக இன்னோர் உயிரைப் பணயம் வைப்பது கருணை ஆகாது. அப்படிப் பணயம் வைத்துத் தோற்றவர்களில் பலர் பிறகு செய்வது இன்னும் மோசமானது: நாயை வண்டியில் ஏற்றி, எங்கோ இறக்கிவிட்டு வருவது.

திருப்பதியில் அந்த ‘எங்கோ’ என்பது பெரும்பாலும் மலையடிவாரமாகவோ கல்வி வளாகமாகவோதான் இருக்க முடியும். இரண்டும் இன்று மூடிய வாசல்கள். சேஷாசல அடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் புதிதன்று. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி சிறுத்தைக்குப் பலியானாள். நாய் சிறுத்தைக்குப் பிடித்த இரை. அடிவாரத்தில் நாயைக் கைவிடுவது, சிறுத்தையை மனிதரின் பக்கம் ஓரடி இழுப்பதற்கு ஒப்பாகும். அந்நாய் தப்பிப் பிழைத்தால் அதன் கண்ணில் படுவது முயலும் மான்குட்டியும். வளாகத்தின் நிலையும் மாறிவிட்டது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று ஆணையிட்டது. அவ்வாணை சரியா தவறா என்னும் விவாதம் எப்படி முடிந்தாலும், விடுதி மாணவர்கள் சோறு போட்டுக் காப்பாற்றிவிடுவார்கள் என்று எண்ணி நாயை வளாகத்தில் இறக்கிவிட்டுச் செல்பவரின் சாக்கு செத்துவிட்டது.

சட்டம் இக்கைவிடலைக் குற்றமென்றே சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் துன்புற நேரும் வகையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. முதன்முறை குற்றத்திற்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. ஒரு வேளை நாய்த்தீனியின் விலைக்கும் எட்டாத தொகை இது. அச்சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம், காட்சிக்குப் பயன்படும் விலங்குகளைப் பதிவுசெய்யச் சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள், இனப்பெருக்கம் செய்வோர் மாநில வாரியத்தில் பதிவுபெற வேண்டும் என்கின்றன. ஆக, கொடுப்பவரைக் கண்டறிவதற்கான கருவி சட்டத்திலேயே கிடக்கிறது, துருப்பிடித்துக் கிடக்கிறது.

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக எழும்.

முதலாவது, தெருவில் இத்தனை நாய்கள் திரியும்போது சில வேட்டைநாய்களுக்கு ஏன் இவ்வளவு கூக்குரல் என்பது. தெருநாய்க்கு ஒரு தெரு உண்டு. அதன் எல்லையையும் சோறிடும் கைகளையும் அது அறியும். தடித்த தோலும் ஊனில் சேர்த்த கொழுப்பும் இல்லாத, கூண்டுக்கும் ஓட்டத்துக்கும் மட்டுமே பழகிய நாய்க்குத் தெரு ஒரு வாரத் தண்டனை. அதைவிட முக்கியமானது, தெருநாயின் பிறப்புக்கு எவரையும் சுட்ட முடியாது. பந்தய நாயின் பிறப்புக்குச் சுட்ட முடியும். பொறுப்பாளி தெரிந்திருக்கும்போது அவரை விட்டுவிட்டுப் பொதுமக்களின் இரக்கத்தை வேண்டுவது நீதியன்று.

இரண்டாவது, இது மரபு, படித்த நகரத்தார் இதில் தலையிடலாகாது என்பது. மரபு என்பது வேட்டை மட்டுமன்று. வேட்டைநாய் வைத்திருந்த குடும்பங்களில் கிழநாய் திண்ணையில் படுத்தே கண்மூடியதும் மரபுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு முயல்வேட்டை குற்றமாயிற்று. வேட்டை போய்ப் பந்தயம் எஞ்சியது. மரபின் பாதியை எடுத்துப் பரிசுக்கோப்பையாக மாற்றிக்கொண்டு, மறுபாதியான முதுமைக் கடனைக் கைவிட்டவர்கள், மரபின் பெயரால் பேச உரிமையற்றவர்கள்.

மூன்றாவது மறுப்புக்குத்தான் உண்மையான கனம் உண்டு: பிணைத்தொகையும் பதிவும் ஏழை வளர்ப்பாளர் தலையில்தான் விடியும். இதை அலட்சியமாகத் தள்ள இயலாது. அதனால் சுமை வளர்ப்பவரிடமிருந்து அன்று, பந்தயத்தை நடத்துபவரிடமிருந்து தொடங்கவேண்டும். பரிசுத்தொகையிலும் நுழைவுக் கட்டணத்திலும் ஒரு பங்கு ஓடும் நாயின் பெயரில் முன்கூட்டியே ஒதுக்கப்படட்டும். சில்லு பொருத்தப்படாத நாய் ஓடக்கூடாது. பரிசாக வண்டி கொடுக்க முடிந்த ஊருக்கு நாயின் முதுமைக்குத் தீனி கொடுக்க முடியாதா? ஆடு மேய்க்கத் துணையாக நாய் வைத்திருப்பவரை இவ்விதி தீண்டவே வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கடன் கல்விப்புலத்தையே சாரும். 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2005-இல் உருவான ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகமும் திருப்பதியில் உள்ளன. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிரேஹவுண்டின் உடல் மற்ற நாய்களின் அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. அதன் குருதியில் செவ்வணுக்களின் விகிதம் மிகுதி, தட்டணுக்கள் குறைவு, கிரியேட்டினின் சற்றே உயர்வு. பொது அட்டவணையை வைத்துப் பார்க்கும் மருத்துவர், நலமாயிருக்கும் நாயைச் சிறுநீரக நோயாளி என்று தவறாகக் கருதக்கூடும். கொழுப்புக் குறைந்த உடல் என்பதால் தையோபென்டால் போன்ற மயக்கமருந்திலிருந்து அது மீள நெடுநேரமாகும். இவையெல்லாம் பிற நாடுகளில் பாடமாகிவிட்டன. கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் முதோலுக்கும் இத்தகைய அளவுகளை வகுத்து ஒவ்வொரு கால்நடை மருந்தகச் சுவரிலும் தொங்கவிடுவது, இன்னுமொரு இனப்பெருமைக் கருத்தரங்கைவிடப் பயனுடையது. பூனைச் சோதனைக்கான கூடம் ஒன்று, தற்காலிக வளர்ப்பு வீடுகளின் பட்டியல் ஒன்று, முயன்று தோற்றவர் வெட்கமின்றி நாயைத் திரும்ப ஒப்படைக்க ஒரு வாசல் ஆகியவையும் பல்கலைக்கழகத்தின் கைக்கெட்டியவையே. பெங்களூருவில் ஆய்வகங்களிலிருந்து விடுபட்ட பீகிள் நாய்களுக்கு வீடு தேடித்தந்த முயற்சி, இது கற்பனையன்று என்பதைக் காட்டியிருக்கிறது. அங்கு ஒப்படைத்தது யார், பெற்றது யார் என்பது மறைவானதாக இருக்கவில்லை.

இரக்கமுள்ளவர்கள் நாயை ஏற்கட்டும். அதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் ஏற்கும் முன் அவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: இதைக் கொடுப்பவர் யார்? பதில் இல்லையெனில் நடப்பது தத்து அன்று. ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் பொறுக்கியெடுப்பது. பொறுக்கியெடுக்கும் கைகள் எத்தனை பெருகினாலும் கைவிடும் கை ஒன்றுகூடக் குறையாது. கொடுப்பவரை வாசலுக்கு இழுத்துவந்து நிறுத்தி, அவர் பெயரை ஏட்டில் எழுதி, அவர் பங்கை வாங்கிய பிறகே அந்நாய்க்கு உண்மையில் ஒரு வீடு கிடைத்ததாகும். அவ்வீட்டுப் பூனைக்கும் தன் வீடு பறிபோகாதிருக்கும்.